அம்மாவிடம் பேசுகிற பாஷை

இதை எழுத நாலு வருஷமா தயங்கினேன். நான் எட்டாவது வரைதான் படிச்சவள், தப்பும் என் மேல இருந்தது.

திருவொற்றியூரில் எங்க வூட்டு மாடியில் வெல்டிங் வேலைக்கு வந்த வடநாட்டுக்காரங்க நாலு பேர் குடியிருந்தாங்க. அதில் ஒருத்தன் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மாதா கோயில் எண்ணெய் தடவி ஜெபமாலை சொன்னேன். அவங்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி இந்தியில் கேட்டதுக்கெல்லாம் அவன் தலையாட்டினான்.

"லூசாயிட்டான்க்கா. நாளைக்கு ரயில்ல ஏத்தி வுட்டுர்றேன்" என்றார் மேஸ்திரி. தனியாகப் போனால் உசுரோடு போய்ச் சேருவானா என்று எனக்குப் பயமாக இருந்தது.

அன்னிக்குத்தான் மாடியில் இருக்கிறவங்களைப் பார்க்க ஒரு அம்மா வந்தாங்க. பிழைக்க வந்தவங்களின் மனநலம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவங்க. நரைத்த கிராப்பு, தோளில் துணிப்பை. பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் யாரிடமும் பேசுவாங்க.

"இவர் அம்மாகிட்ட எந்த பாஷைல பேசுவார்?"

"இந்திதான்மா. இந்திக்காரன்தானே?" என்றேன் நான்.

"அவரைக் கேட்டீங்களா அக்கா?"

ஒரு வருஷம் சோறு போட்ட நான் கேட்டதில்லை. அந்தம்மா அவன் எதிரே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஷையாகப் பேர் சொன்னாங்க. வடக்கே ஆதிவாசிங்க பேசுகிற சந்தாலி என்றதும் அவன் தலை நிமிர்ந்தது. சந்தாலி தெரிந்த ஒரு நர்ஸை போனில் பிடித்துக் கொடுத்தாங்க. ஊரில் தம்பி செத்துப்போனதைச் சொல்லி ஒரு மணி நேரம் அழுதான். அந்தம்மா பேனாவைத் திறக்கவே இல்லை. மறுநாள் ரயிலுக்குப் பதில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாங்க.

மாதாவுக்கு ஸ்தோத்திரம், இப்போ அவனே மேஸ்திரி. புதுசா வருகிறவனிடம் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறான்.

இதை யாருக்குச் சொன்னாலும் அப்படியே சொல்லுங்க, நான் கேட்காமல் விட்டதையும் சேர்த்து.