பூனைக் கதவும் பத்தாம் நம்பர் செருப்பும்

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன் எவனும் பௌர்ணமி அன்று இந்த ஊருக்கு பஸ் ஏற மாட்டான். போன பௌர்ணமி அன்று காலையில் என் மகன் அருண் பெங்களூரிலிருந்து கிரிவலக் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்து இறங்கினான். ஃபோன் இல்லை, மெசேஜ் இல்லை. காலிங் பெல் அடித்தது, திறந்தால் பையும் கையுமாக நிற்கிறான்.

எனக்கு உடனே சந்தேகம்.

"என்னடா, வேலை போயிடுச்சா?"

"வாயக் கழுவும்மா. சும்மாதான் வந்தேன்."

பௌர்ணமி அன்று யாராவது சும்மா வருவார்களா? அதைவிட இன்னொன்று... வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பு விடும் இடத்தைப் பார்த்தான். அங்கே என் செருப்பு ஒரு ஜோடி, பக்கத்தில் ஆம்பிளைச் செருப்பு ஒரு ஜோடி. இரண்டையும் பார்த்துவிட்டு, என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

இந்தக் கேள்வி உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எல்லாம் ஒரு பூனைக் கதவில் ஆரம்பித்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். அதாவது, சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவள். வேங்கிக்காலில் சொந்த வீடு. கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் நானும் தாசில்தாரும்தான்.

பதறாதீர்கள்... தாசில்தார் ஒரு பூனை. ஒருநாள் கலெக்டர் ஆபீஸ் பக்கமிருந்து நடந்து வந்தது. அந்த நடை, அந்த அலட்சியம், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காத தோரணை. வேறு என்ன பெயர் வைப்பது?

தாசில்தாருக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு குறை. இஷ்டத்துக்குப் போக வர வழி கிடையாது. குரங்குத் தொல்லைக்காக ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறேன். பின்கதவு இரும்பு. ஆகவே முன்கதவுக்கு வந்து கத்தும். நான் எழுந்து போய்த் திறப்பேன். திறந்த பிறகு, போகலாமா வேண்டாமா என்று வாசலில் உட்கார்ந்து யோசிக்கும். மூட்டு வலியோடு எத்தனை தடவை எழுந்திருப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் இதை அருணிடம் புலம்பினேன். புலம்பியதுதான் தப்பு.

அடுத்த வாரமே பார்சல் வந்துவிட்டது. பெரிய கதவில் கீழே ஒரு ஓட்டை போட்டு, அதில் மாட்டுகிற குட்டிக் கதவு. பூனையின் கழுத்துப் பட்டையில் ஒரு வில்லை. அந்த வில்லை கிட்டே வந்தால்தான் கதவு திறக்கும். குரங்கு வந்தாலும் திறக்காது, பாம்பு வந்தாலும் திறக்காது. எல்லாம் சரி. ஆனால் அதன் நெற்றியில், வாசலைப் பார்த்தபடி, ஒரு கேமரா. பூனை போகும்போதும் வரும்போதும் போட்டோ எடுத்து அனுப்புமாம். யாருக்கு? எனக்கா? இல்லை... அருண் ஃபோனுக்கு!

இங்கேதான் என் மூளை விழித்துக்கொண்டது. சின்ன வயதில் பூனையைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நின்ற பிள்ளை இவன். போன தீபாவளிக்கு வந்தபோது தாசில்தார் பக்கத்தில் வந்தாலே தும்மிக்கொண்டிருந்தான். இவனுக்குத் திடீரென்று பூனை மேல் என்ன பாசம்? அது போவதையும் வருவதையும் பெங்களூரில் உட்கார்ந்து பார்த்து என்ன செய்யப் போகிறான்?

கேமரா பூனைக்கு இல்லை. எனக்கு.

அவர் போனதிலிருந்தே, "தனியா இருக்காத, இங்க வந்துடும்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் மாட்டேன் என்கிறேன். எனக்கு என் வீடு வேண்டும். மலையைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க என் மொட்டைமாடி வேண்டும். பெங்களூர் ஃப்ளாட்டில், மருமகளே ஆனாலும் இன்னொருத்தியின் சமையலறையில், கரண்டி எந்த டிராயரில் என்று கேட்டுக் கேட்டுச் சமைக்க என்னால் முடியாது. சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. அதனால் இப்போது ஆதாரம் சேர்க்கிறான். 'பாத்தியா, அன்னிக்கு லேட்டா வந்த, இன்னிக்கு தடுமாறின, நீ தனியா இருக்க முடியாது' என்று ஒருநாள் எடுத்து நீட்டுவான். ஆதாரம் சேர்ப்பதைப் பற்றி எனக்கேவா சொல்லித்தர வேண்டும்?

அப்படியென்றால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பினால், எதையோ மறைக்கிறேன் என்று ஆகிவிடாதா? மாட்டட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாட்டுவதற்கு அடி அண்ணாமலையிலிருந்து கார்பெண்டர் ஏழுமலை வந்தார். பார்சலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சார் பாத்து பாத்து செஞ்ச தேக்குக் கதவு. இதுல போயி ஓட்டை போட சொல்றீங்க?"

"பூனைக்குப்பா."

"அதத்தான் கேக்கறேன். பூனை குறுக்க போனாலே காரியம் ஆவாதுன்னு அவனவன் வூட்டுக்கு திரும்பிடறான். நீங்க தலைவாசல்லயே அதுக்கு வழி வெக்கிறீங்களே!"

ராகு காலம் முடியும் வரை மெஷினைத் தொடவில்லை. முடிந்ததும் கதவுக்குக் கற்பூரம் காட்டினார். அப்புறம்தான் அறுத்தார். தேக்குத் தூள் பறக்கப் பறக்க நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குட்டிக் கதவை மாட்டி முடித்தவர், மஞ்சளும் குங்குமமும் கேட்டு வாங்கி அதன் நாலு மூலையிலும் பொட்டு வைத்தார்.

"சின்னதா இருந்தா இன்னாம்மா? தலைவாசல் தலைவாசல்தானே."

தாசில்தார் என்னைவிடச் சந்தேகப் பிராணி. மோந்து பார்த்தது, சுற்றி வந்தது, பழையபடி பெரிய கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தியது. நெத்திலிக் கருவாட்டை வாசலில் வைத்துக் காட்டிய பிறகுதான் குட்டிக் கதவுக்குள் தலையை விட்டது. அப்புறம் என்ன... நாளெல்லாம் போவதும் வருவதும்தான்.

பூனைக்கு வழி கிடைத்தது. எனக்குத் தூக்கம் போனது. கதவில் ஓட்டை என்றால் சும்மாவா? இந்த வீட்டில் ஒரு அம்மாவும் பூனையும் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று தெருவுக்கே போர்டு மாட்டிய மாதிரி இருந்தது. வாட்டர் கேன் போடுகிற பையன் குனிந்து பார்த்தால் சந்தேகம். கூரியர்காரர் இரண்டு நிமிஷம் கூட நின்றால் சந்தேகம். கடைசியில், தனியாக இருக்கும் பெண்கள் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். வாசலில் ஒரு ஜோடி ஆம்பிளைச் செருப்பு!

என் கணவருடைய பழைய செருப்பு வீட்டில் இருந்தது. ஆனால் அவருக்கு ஏழாம் நம்பர், சின்னக் கால். அதைப் பார்த்து எந்தத் திருடன் பயப்படுவான்? தேரடி வீதிக்குப் போய் ஒரு கடையில், "இருக்கறதுலயே பெருசு எடுங்க" என்றேன். "யாருக்கும்மா?" என்றார் கடைக்காரர். "வீட்டுக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பத்தாம் நம்பரை எடுத்துக் கொடுத்தார்.

வாங்கிப் போட்டால் மட்டும் போதுமா? ஒரே இடத்தில் தூசி படிந்து கிடந்தால் பொய்ச் செருப்பு என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எத்தனை பொய் ரசீதுகளைப் பிடித்தவள் நான்! காலையில் வாசலைப் பார்க்க வைப்பேன், சாயங்காலம் வீட்டைப் பார்க்க வைப்பேன். மழை பெய்தால் கொஞ்சம் சேறு பூசுவேன். எனக்கே சில சமயம் யாரோ வந்திருப்பது போல இருக்கும்.

அதற்குப் பிறகுதான் அருணிடம் ஒரு மாற்றம். ஞாயிறுக்கு ஞாயிறு பேசுகிறவன், தினமும் கூப்பிட ஆரம்பித்தான். முன்பெல்லாம் "சாப்டியா?" என்பான். இப்போது, "வீட்ல யாராச்சும் இருக்காங்களா?" என்கிறான். டிவி சத்தம் கேட்டால், "யாரும்மா பேசறது?" என்கிறான். எதிர்வீட்டு சாந்தி ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தார். அவர் வீட்டில் கறிவேப்பிலை மரமே நிற்கிறது! வாங்கிக்கொண்டு போகும்போது வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். இவரும் அருண் கட்சிதான் என்று குறித்துக்கொண்டேன்.

ஒரு சோதனை வைத்தேன். ஒருநாள் முழுக்க வாசற்படியைத் தாண்டவில்லை. சாயங்காலம் ஃபோன் வந்தது.

"ஏம்மா, இன்னைக்கு வெளிய எங்கயும் போலியா?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"சும்மா கேட்டேம்மா."

மாட்டிக்கொண்டான். கேமராவில் என் செருப்பு நகராததைப் பார்த்திருக்கிறான். நான் நினைத்தது சரிதான். உளவேதான்.

இப்போது அந்தப் பௌர்ணமிக் காலைக்கு வருவோம். உள்ளே வந்தவன் உட்காரவே இல்லை. பெட்ரூமை எட்டிப் பார்த்தான். பாத்ரூம் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தான். கொடியில் காய்கிற துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். வீட்டை அளவெடுக்கிறான், வாடகைக்கு விட்டுவிட்டு என்னைக் கூட்டிப் போகப் போகிறான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பையிலிருந்து மைசூர்பாகு டப்பா இரண்டு எடுத்து வைத்தான். எனக்கோ சுகர்... ஒன்றே ஜாஸ்தி. இன்னொன்று யாருக்கு? புரோக்கருக்கா?

தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"என்ன பெங்களூருக்கு கூட்டினு போகத்தானே வந்திருக்க?"

"இல்லம்மா." தலையைக் குனிந்துகொண்டான். "நானும் நேரா கேக்கறேன். அவரு எங்க?"

"எவரு?"

"அதான்... அந்தச் செருப்பு."

ஃபோனை நீட்டினான். ஒவ்வொரு போட்டோவிலும் முன்னால் தாசில்தாரின் வால். பின்னால் என் செருப்பும் பத்தாம் நம்பரும் பக்கத்தில் பக்கத்தில்.

"இது திங்கக்கெழம காலைல, வாசலப் பாத்து இருக்கு. இது சாயங்காலம், வீட்டப் பாத்து இருக்கு. இது மழை பேஞ்ச அன்னிக்கு, சேறா இருக்கு. அப்பா செருப்பு இவ்ளோ பெருசு கெடையாது. ஒருநாள்கூட ஆளு கண்ணுல படல. நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். சொல்லவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள்... கல்லில் தோசை கருகுவதுகூடத் தெரியாமல் சிரித்தேன். "டேய், அது திருடனுக்குக் காட்ட வெச்சதுடா! நானே தினமும் திருப்பித் திருப்பி வெக்கிறேன்டா!"

அவனும் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. முகம் வாடிவிட்டது.

"அப்போ... நெஜமாவே யாரும் இல்லியாம்மா?"

"யாருடா இருக்கப் போறாங்க?"

"மொதல்ல கோவம்தான் வந்துச்சு. தூக்கமே இல்ல. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அப்பா போனதுக்கப்புறம் ஃபோன்ல உன் குரல் ரொம்ப கம்மியா இருக்கும். கொஞ்ச நாளா நல்லா இருந்துச்சு. சரி, பேச்சுத்துணைக்கு யாரோ இருக்காங்க, நல்லவரா இருந்தா போதும், ஒருதரம் பாத்துட்டு வந்துடலாம்னு வந்தேன். அந்த இன்னொரு டப்பா அவருக்குத்தான்."

அடுப்பை அணைத்தேன். கேமரா எனக்குத்தான் என்று கண்டுபிடித்த நான், எதற்கு என்பதில் கோட்டைவிட்டிருக்கிறேன். நம் வீடுகளில் யாருக்கும் அக்கறையை நேராகச் சொல்ல வராது. நானும் பூனையின் தொல்லை மாதிரி என் மூட்டு வலியைச் சொன்னேன். அவனும் பூனைக்கு வைப்பது மாதிரி எனக்குக் கேமரா வைத்தான். நடுவில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு...

என் குரல் நன்றாக இருந்தது தாசில்தாரால். நாள் முழுக்க அதனோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் வாடிப்போவான் என்று தோன்றியது.

"கேமராவ கழட்டிடவாம்மா?"

"இருந்துட்டுப் போவட்டும்" என்றேன். எனக்கே ஆச்சரியம்தான்.

பெங்களூருக்கு வரச் சொல்லி இந்தத் தடவை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மத்தியானம் ஆட்டோவில் கூடவே போய் பஸ் ஏற்றிவிட்டேன். கிரிவலம் முடித்துத் திரும்புகிற கூட்டம். எப்படியோ ஜன்னல் சீட் பிடித்தவன், பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டினான்.

"அம்மா... பின்னாடி யாராச்சும் வந்தாங்கன்னா மறைக்காத. என்கிட்ட சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"போடா!" என்றேன். பக்கத்தில் நின்ற பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தேன். டிரைவர் என்ன நினைத்தாரோ.

பெற்ற பிள்ளையிடமிருந்து அனுமதி வந்துவிட்டது. ஆள்தான் இல்லை!