வாதமடக்கி எண்ணெயின் வாசம்

வாதமடக்கி இலையை விளக்கெண்ணெயில் காய்ச்சும்போது எழுகிற வாசம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. யார் வீட்டிலாவது காய்ச்சினால் எழுந்து வெளியே போய்விடுவேன். எண்ணெய் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் கோபமெல்லாம் எங்கள் மேல்தான், எங்கள் ஊர் மரியாதையின் மேல்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் என் தங்கை காந்திபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விரல் எப்போது எழுத்தைத் தொட்டது என்று கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். வயது இருபதைத் தாண்டியதுமே அந்த விரல்களின் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் சீப்பைப் பிடிக்க முடியாது. டாக்டரிடம் போனோம். முடக்குவாதம் என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் மூட்டு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எண்ணெய் தடவலாமா என்று அம்மா கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை.

"தடவுங்க, வீக்கமும் வலியும் கொஞ்சம் அடங்கும். ஆனா நோயப் புடிச்சு நிறுத்தறது மாத்திரைதானுங்க."

எண்ணெய் காய்ச்சுவது என் வேலை. அன்னூரில் மாமாவின் தோட்டத்து வேலியோரம் வாதமடக்கி மரம் நின்றது. பஸ்ஸில் போய் ஒரு பை நிறையப் பறித்து வருவேன். நொச்சி இலையையும் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெயில் போட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி இறக்க வேண்டும். பிறகு கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, ஆறியதும் நீலகிரித் தைலம் கொஞ்சம் விட வேண்டும். இளஞ்சூட்டில் ஒவ்வொரு விரலாகத் தடவிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் மூட்டுச் சிவப்பு குறையும், விரல் மடங்கும். "போதும்க்கா, இப்ப மெஷினையே தூக்கிப்போடுவேன்" என்பாள். கொழுப்புக்குக் குறைச்சலே இல்லை அவளுக்கு.

அப்போதுதான் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அமைதியான மாப்பிள்ளை, வீட்டில் மாமியார் மட்டும். அம்மாவுக்கு ஒரே பயம்: நோய் தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்பே எண்ணெயை நிறுத்தச் சொன்னாள். வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். "வாசமே காட்டிக் குடுத்துப்போடும் கண்ணு" என்றாள். சொல்லிவிடலாம் என்றேன் நான். எனக்கு வாய் நீளம் என்று அடுப்படியை விட்டு வரக் கூடாதென்றார்கள். தங்கை காபித் தட்டை எடுத்துப் போனாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. உள்ளே வந்து தட்டை என்னிடம் கொடுத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

தையில் கல்யாணம். பட்டுச்சேலைகளுக்கு அடியில் எண்ணெய் பாட்டிலையும் மாத்திரைகளையும் வைத்து அனுப்பினோம். குளிக்கப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு தடவி, சீயக்காய் போட்டுக் கழுவிவிட வேண்டும். மாத்திரை தீர்ந்தால் சொல்லி அனுப்ப வேண்டும். அவள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. வலி விட்டுவிட்டது போல என்று நாங்களே எங்களைத் தேற்றிக்கொண்டோம்.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அப்பா போய்க் கூட்டி வந்தார். அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். புகுந்த வீட்டிலும் அப்படியேதான் மறைத்து வந்தாளாம். நான் இழுத்துப் பார்த்தேன். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி மடங்கியபடியே நின்றன. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டில் எங்கே என்று கத்தினேன்.

"கொட்டிப்போட்டேன்க்கா. போன புதுசுலயே ஊட்டுக்குள்ள தைல வாசம் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. எத்தன சீயக்கா போட்டும் போகல. பொட்டியக் கழுவினேன், சேலையெல்லாம் தொவச்சேன். ஒருநாள் அத்தை கூடத்துல நின்னு மூக்க உறிஞ்சிப் பாத்தாங்க. உடனே ஜன்னலத் தொறந்து உட்டாங்க. எனக்கு உசுரே இல்ல. அன்னைக்கே கொட்டிப்போட்டேன். பொட்டியத் தொறந்தா தெரிஞ்சிரும்னு மாத்திரையையும் வீசிப்போட்டேன்."

"அப்பறம் வாசம் போச்சா?"

"போகலக்கா. எண்ணெய் என் ஒடம்புலயே ஊறிப்போச்சுன்னு நெனச்சேன்."

காபி வேண்டாம் என்பதற்குக்கூட நாலு 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் எங்களுடையது. வலிக்கிறது என்று சொல்ல மட்டும் அங்கே அவளுக்கு ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனி மேற்கொண்டு கெடாமல் பார்க்கலாம், கோணியது நிமிராது என்றார். ஆடி முழுக்க நான் எண்ணெய் காய்ச்சித் தடவினேன். மாத்திரையும் உள்ளே போனது. வலி குறைந்தது, வீக்கம் வடிந்தது. வீக்கம் வடிய வடியக் கோணல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. தடவிக்கொண்டே அழுவேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்துவாள்.

ஆடி முடிந்து கூட்டிப் போக மாமியாரே வந்தார். இனி மறைப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அவர் வரும் நேரம் பார்த்து, வேண்டுமென்றே எண்ணெயை அடுப்பில் ஏற்றினேன். வீடெல்லாம் வாசம். அம்மா என்னை முறைத்தாள். மாமியார் கூடத்தில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, வாதமடக்கியுங்களா?"

"ஆமாங்க" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மணையில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு பாட்டில் ஊத்திக் குடுங்க. முட்டிக்கு வருசக்கணக்கா இதத்தான் தேச்சுட்டு இருக்கறேன். கண்ணாலம் பேசறப்பச் சொல்லலீங்க. சீக்காளியப் பாக்கறதுக்குப் பொண்ணெடுக்கறாங்கன்னு நீங்க நெனச்சுப்போட்டா? மருமகளுக்குத் தெரியாம ரூமச் சாத்திட்டுத்தான் தேய்ப்பேன். வாசம் வெளிய வந்துருமோன்னு ஜன்னல் ஜன்னலாத் தொறந்து உடுவேன், போங்க" என்று வெட்கத்தோடு சிரித்தார்.

என் கரண்டி சட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டது. தங்கை அடுப்படி வாசற்படியில் நின்றிருந்தாள். மறைக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்து, கை முந்தானையை விட்டு வெளியே வந்திருந்தது.

"அப்ப அது எம்மேல அடிச்ச வாசமில்லீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

கேள்வி அவருக்குப் புரியவில்லை. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.