காலி வரி

ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று எங்கள் குப்பத்தில் வரிசை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்த புதிதில், அந்த வரிசையைப் போட ஒரு புரோகிராம் எழுதினேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதில் ஒரு பிழை. சுற்றுக்கு ஒரு நாள், பெயர் எதுவும் வராமல் வரி காலியாக நின்றது.

நான் திருத்துவதற்குள் ஊர்க்கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "மிஷினே வுட்ட நாளு. ஆம்பள இல்லாத வூட்டுக்குக் குட்த்துடுங்க."

அந்த வீடு என் அத்தை வீடு. புருஷன் போன பிறகு அவளுக்குப் பாடு முறை கிடையாது. காலி நாளில் என் நைனா தன் தங்கைக்காக வலை கட்டினார். விழுந்த இறால் முழுக்க அவளுக்கு. பிழையைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

சில வருடங்களில் அலுவலகத்தில் புது மிஷின் வந்தது, பழையது ஏலத்தில் போனது. புதியதன் சிப் வேறு ஜாதி. என் புரோகிராம் அதில் ஓடாது. திருத்தி எழுதலாமென்றால், நான் எழுதிய மூல வரிகள் இருந்த பிளாப்பி பூஞ்சை பிடித்துக் கிடந்தது. பழைய சிப்புக்கு மட்டுமே புரியும் ஓடும் வடிவம்தான் மிச்சம்.

விட மனசில்லை. சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து இன்னொரு புரோகிராம் எழுதினேன். அது பழைய சிப்பாக நடிக்கும். பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்துச் செய்துகாட்டும். அச்சடி, கோப்பைத் திற என்று கேட்டால் மட்டும் அந்த வேலையைப் புது மிஷினிடம் தள்ளிவிடும். மந்தமாகத்தான் ஓடியது, ஆனால் ஓடியது! சனிக்கிழமை பட்டியலோடு பொன்னேரியில் ரயிலிறங்கி, ராணிபோல் குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி, என் நாளு எங்க?"

காலி வரி இல்லை. பழைய சிப்பின் கையேட்டில் உள்ளபடி சுத்தமாக நடிக்க வைத்திருந்தேன், அதனால் பிழையும் போய்விட்டது.

"இதான் அத்தை சரி," என்றேன், வீம்பாக.

"சரின்னா நான் இன்னா துன்றது?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அத்தைக்கு ஒரு நாள் வேண்டுமென்று நைனா கேட்டால், இரண்டு பாடு பார்க்கிறார் என்பார்கள். யார் கேட்டாலும் சண்டைதான். அடுத்த வார ஞாயிறு கூட்டத்தில் வாசித்துவிட்டால் வருடம் முழுக்க அதுதான் வரிசை.

அந்த வாரம் முழுக்கப் பழைய பட்டியல்களை வைத்துக்கொண்டு தேடினேன். பழைய மிஷினில் இருந்தது கையேட்டுச் சிப்பே அல்ல, அதன் பங்காளி. இரண்டு எண்களைக் கூட்டியதும் அது போடும் ஓர் அடையாளம் மட்டும் வேறு. என் பிழை அதில் தொற்றிக்கொண்டுதான் காலி வரியானது. வெள்ளிக்கிழமை அந்தக் குணத்தையும் நடிக்க வைத்தேன். காலி வரி வந்தது. நாற்காலியிலேயே குதித்தேன்.

கூட்டத்தில் நைனா வாசித்தார். காலி வரியில் நிறுத்தினார். வலைக்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"புது மிஷின்லயும் ஒரு நாள வுட்ருச்சா?"

"வுட்ருச்சிண்ணா."

"அப்ப நல்ல மிஷின்தான். மேல படிங்க."