நாலாவது வண்டி என்னுடையது

செய்தி வந்தபோது வட்டக்கானல் இறக்கத்தில் என் ஜீப் எஞ்சின் அணைந்து நின்றுகொண்டிருந்தது. போனில் அண்ணன். “ஏலே, உங்க மதினி போயிட்டாடா. ஊன்றதுக்குப் பூண்டுக்காட்டுல களை கொத்திக்கிட்டு இருந்தவ, நெஞ்சு வலிக்குதுன்னு வரப்புல உக்காந்தா. அம்புட்டுத்தான்.”

சாவியைத் திருப்பினேன். வண்டி முனகியது, கிளம்பவில்லை. சவாரிக்கு வந்திருந்த சுற்றுலாப் பையன்கள்தான் இறங்கித் தள்ளினார்கள். “பேட்டரி இப்பிடி இருக்கும்போது என்னத்துக்குண்ணே ஆஃப் பண்ணிப் போட்டீங்க?” என்று ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். “எங்க மதினி உத்தரவுப்பா” என்றேன். சிரித்தார்கள். நானும் வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

மதினி காளியம்மாளைத் தெரிந்த மேல்மலைக்காரர்களுக்கு அந்த உத்தரவு விளங்கும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத டிரைவர். எழுத்து கொஞ்சம் குலுங்கித்தான் வரும், பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

மதினி என் அண்ணன் மனைவி. எனக்கும் அவருக்கும் ஒரே வயது, ஒரே வீடு, ஒரே அடுப்பு. மதினியும் கொழுந்தனும் கேலி பேசிக்கொள்வது நம் பக்கத்து உரிமை. நாங்கள் அதில் ஒரு நாளைக்கூட வீணாக்கியதில்லை. சும்மா கூப்பிட்டால் ‘ஏலே’. ‘கொழுந்தனாரே’ என்று மரியாதை வந்துவிட்டால் அடி விழப்போகிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் விதைப்பூண்டு அடுப்புக்கு மேலே பரணில் தொங்கும். நம் மலை வழக்கப்படி விறகுப்புகை பட்டுப்பட்டுத்தான் அது கெடாமல் அடுத்த ஊன்றலுக்கு இருக்கும். ஒருநாள் சீண்டினேன். “மதினி, உலகம் சூடாகுறதுக்கு ஜீப் காரணமாம், ரேடியோவுல சொல்றான். உங்க அடுப்பைப் பத்தி எவனும் வாயத் திறக்கல பாத்தீங்களா?”

“என் புகை பரணோட நின்னுரும். உங்க புகை எங்க போயி நிக்குதுன்னு விசாரிச்சிட்டு வாங்க கொழுந்தனாரே.”

அது உண்மையில்லை. ஓட்டு இடுக்கு வழியாக அந்தப் புகை வெளியே போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையைப் பிடித்து இழுத்துக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. “அது பனி” என்று சொல்லிவிட்டார்.

கேலி சண்டையானது, மழை பருவம் தப்பிக் கொட்டிய வருசத்தில். பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. பிடுங்கினால் கையோடு வந்தது நாற்றம்தான். அதற்கு முந்தைய வருசம் மழையே வராமல் காய்ந்தது. அண்ணனும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். காட்டேஜ் கட்டக் கேட்கிறவரிடம் நிலத்தைத் தள்ளிவிட்டு இன்னொரு ஜீப் வாங்கிவிடலாம். நிலம் மதினிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது, அவர் பேரில் இருந்தது. சாப்பிடும்போது மெல்ல எடுத்தோம்.

மதினி கரண்டியைக் கீழே வைத்தார். “பூண்டை அழுக வச்சதே வண்டிப்புகைங்கிறான். அந்தப் பூண்டுக்காட்டை வித்து இன்னொரு வண்டியா? வெசம் குடிச்சவனுக்கு வெசத்தையே கஞ்சியா ஊத்துவீங்களோ?”

எனக்கும் ஏறிவிட்டது. “எண்ணெயை நானா தோண்டுனேன் மதினி? கடலுக்கடியில தோண்டி விக்கிறவன் மாளிகையில கெடக்கான். கப்பல் கப்பலா வாங்கி எரிக்கிற நாட்டுக்காரன் சொகமா இருக்கான். சனிக்கிழமையானா வத்தலக்குண்டுல இருந்து கார் வரிசை கட்டி ஏறுது. அம்புட்டுப் பேரையும் விட்டுட்டு என் ஓட்டை ஜீப்புதான் மழையைக் கெடுத்துச்சா?”

“அவனையும் கேக்கணும், ஒன்னையும் கேக்கணும். அவன் இங்க இல்ல. நீ எனக்கு எதுத்தாப்புல உக்காந்து ரெண்டாந்தடவை சோறு கேக்குற.”

அண்ணனுக்குப் புரையேறியது. கையெழுத்து விழவில்லை.

அதற்குப் பிறகு ஊர்ச்சாவடியில் நடந்த பருவநிலைக் கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். கீழேயிருந்து அதிகாரிகள் வந்தார்கள். விறகு எரிக்காதீர்கள், பூண்டுக்குப் புகை போடுவதைக் குறையுங்கள் என்று நமக்குப் புத்தி சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து மதினி எழுந்தார். “ஐயா, நீங்க சொல்றது நல்லதாவே இருக்கட்டும். வெளிய நாலு வண்டி உறுமிக்கிட்டு கெடக்கு. மொதல்ல அதை அமத்திட்டு வாங்க. பெறகு எங்க அடுப்பைப் பேசுவோம்.” விளக்கை அமர்த்துவதுபோல வண்டியையும் அமர்த்துவது என்றே சொல்வார்.

சாவடியே சிரித்தது. நான்தான் முதலில் கைதட்டினேன், பலமாகவும் தட்டினேன். அதிகாரிகளின் டிரைவர்கள் ஓடிப்போய் அணைத்தார்கள். அப்படியும் ஒரு உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று வண்டிதான் அவர்களுடையது. குளிரில் அணைத்தால் கிளம்பாது என்று நான் ஓடவிட்டு வந்திருந்த ஜீப் நாலாவது.

“கொழுந்தனாரே” என்றார் மதினி, ஊருக்கே கேட்கும்படி. “தட்டுன கையாலேயே போயி அமத்திட்டு வாங்க.”

போனேன். ஆனால் சும்மா போகவில்லை. “இந்த ஒரு வண்டிய அமத்துனா நாளைக்கு மழை வந்துருமா மதினி?” என்று வாசலில் நின்று கேட்டேன்.

“வராது. ஆனா அவுகள நான் நிமிந்து பாத்துக் கேக்கணும்ல? என் வீட்டு வண்டி உறுமிக்கிட்டு இருந்தா எப்பிடிக் கேப்பேன்?”

போய் அணைத்தேன். அந்த ரோசத்தில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருடைய கொண்டையைக் கேலி செய்துகொண்டே போனேன். மறுநாளிலிருந்து வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, நிற்கும்போதெல்லாம் அணைக்கப் பழகினேன். உருட்டிவிட்டால் கிளம்பும், இல்லாவிட்டால் சவாரிக்காரர்கள் தள்ளுவார்கள். மற்ற டிரைவர்கள், ‘மதினி வண்டி’ என்று அதற்குப் பேர் வைத்தார்கள்.

மதினியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள், காட்டேஜ்காரர் துக்கம் கேட்க வந்துவிட்டார். மாலை ஒன்று, பெருமூச்சு இரண்டு. பிறகு, “வீட்டம்மா இருந்தவரைக்கும் ஒத்துக்கல. இனிமே உங்க கையிலதானங்க இருக்கு” என்று அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனதுக்குள் மறுபடியும் அழுகப்போகும் பூண்டு ஓடுகிறது என்பது எனக்குத் தெரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை வந்தால் காடு போயிற்று.

வெளியே அந்த ஆளின் கார் உறுமிக்கொண்டிருந்தது.

“மொதல்ல வண்டிய அமத்திட்டு வாங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது. குனிந்த தலை நிமிர்ந்தது. அந்த ஆள் போய் அணைத்துவிட்டு வருவதற்குள் அண்ணன் எழுந்து அடுப்படிக்குப் போய், மேலே தொங்கிய விதைப்பூண்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, விறகை உள்ளே தள்ளி ஊதினார். வீடு முழுக்கப் புகை. காட்டேஜ்காரர் இருமிக்கொண்டே உள்ளே வந்தார்.

“விக்கிறதுக்கில்லங்க” என்றார் அண்ணன். “காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

மதினி, நீங்கள் செத்துப்போனதால் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எண்ணெய் தோண்டி விற்கிறவன்தான் முதல் குற்றவாளி என்பதில் நான் இன்னும் அப்படியேதான் நிற்கிறேன். ஓட்டு இடுக்கில் போவது புகைதான், பனியில்லை. ஜீப்பையும் விற்கமாட்டேன், அது ஓடினால்தான் நம் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் நிற்கிற இடத்திலெல்லாம் அதை அமர்த்திவிட்டு, பெரிய பெரிய வண்டியில் வந்து நமக்குப் புத்தி சொல்கிற எவரையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்பேன். நீங்கள் விட்டுப்போனதில் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

அண்ணன் நேற்று மண்ணைக் கொத்திப் போட்டுவிட்டார். மழை முந்தி வருமோ, பிந்தி வருமோ, வராமலே போகுமோ. வருகிறபோது வரட்டும். நாங்கள் ஊன்றுகிறோம்.