பௌர்ணமியன்று வேங்கிக்கால்: மகளின் கைக்காக ஒரு பயணம்

திருவண்ணாமலைக்கு எப்படிப் போவது என்று எழுதாத ஆள் இல்லை. மலையும் சுற்றாமல், கோயிலுக்கும் போகாமல், வேங்கிக்காலில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மட்டும் போய்த் திரும்பியவன் எழுதினால் யாருக்காவது உதவுமே என்று எழுதுகிறேன். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பவித்ரா ஆறு வருஷமாக ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறாள். தோலை இழுத்துப் பிடித்துத் தைக்கிற வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஒரே மாதிரி வேலையால் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேலையால் வந்த நோய்தான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டால் ஆபரேஷனுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைக்கும், வேறு வேலைக்கும் மாற்றிவிடுவார்கள் என்று அவளோடு தைக்கிற பெண்கள் சொன்னார்கள். அதற்கு மனுக் கொடுக்கத்தான் போன மாதம் கிளம்பினோம்.

நாள் குறித்தது நான். பௌர்ணமியன்று பஸ் ஜாஸ்தி, உட்கார்ந்து போகலாம் என்பது என் மூளை. கீழ்பென்னாத்தூரில் காலை எட்டரைக்கு ஏறினோம். பஸ் ஜாஸ்திதான், ஜனம் அதைவிட ஜாஸ்தி. இருபது கிலோமீட்டரும் நின்றுகொண்டே. கம்பியைப் பிடிக்க அவளுக்கு விரல் மடங்கவில்லை. முழங்கையைக் கோத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் நின்ற அம்மா, “கிரிவலமா?” என்றார். “ஆமாங்க” என்றேன். வேறென்ன சொல்ல.

பௌர்ணமியில் பஸ் ஊருக்குள் போகாது என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். வேங்கிக்காலுக்கு ஆட்டோ 250 ரூபாய்.

“இன்னாங்க, இவ்ளோ ஜாஸ்தியா?”

“சுத்திக்கினு போவணும்ணா. நாளைக்கு வந்திருந்தா பாதிதான்.”

“உங்களுக்குத் தெரியுது, எங்கப்பாவுக்குத் தெரியலியே” என்று பவித்ரா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, ரிப்போர்ட்டை முழுசாகப் படித்தார்.

“டாக்டர் எழுதினது சரிதாம்மா. ஆனா நம்ம சட்டத்துல தொழில்நோய்க்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஈயம் இருக்கு, கல் தூசி இருக்கு, காது கேக்காமப் போறது இருக்கு. இது இல்ல. உலக நாடுகளுக்குப் பொதுவா ஒரு பட்டியல் வச்சிருக்காங்க, அதுல இருக்கு. நம்ம பட்டியல்ல இன்னும் சேக்கல.”

“நான் தைக்கிற ஷூ பூரா வெளிநாட்டுக்குத்தான் சார் போவுது” என்றாள் பவித்ரா. “ஒரு தையல் பிசகினாலும் அவங்க அளவுக்கு இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.”

அவர் மனுவை வாங்கி, நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார். “மேல அனுப்புறேன். நெறைய பேர் எழுதிக் குடுத்தாத்தான் பட்டியல் மாறும்.”

“அதுவரைக்கும் சார்?” என்றேன்.

“கொஞ்ச நாள் வேலைக்குப் போவாம இருக்க முடியுமாம்மா?” என்று அவளைக் கேட்டார். முடியாது என்று தலையாட்டினாள்.

வெளியே வந்ததும், “இவ்ளோ தூரம் வந்தாச்சு, மலை சுத்திட்டுப் போலாமா?” என்றேன்.

“காலு நல்லாத்தாம்பா இருக்கு. மனசுதான் இல்ல. வீட்டுக்குப் போலாம்.”

இதே காரியமாகப் போகிறவர்கள் பௌர்ணமியை விட்டுவிடுங்கள். நரம்பு டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் போதாது. நீங்கள் என்ன வேலை, எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். முத்திரை போட்ட நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். முடிந்தால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். ஒருத்தி மட்டும் போனால் கைவலி அவள் வீட்டுச் சமாச்சாரம் மாதிரி ஆகிவிடுகிறது.

மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. பவித்ரா அதே மிஷினில்தான் இருக்கிறாள். விடியும்போதே கம்பெனி வேன் வந்துவிடும். அவள் அம்மா அந்நேரம் பால் கறக்கப் போய்விடுவதால், தலை பின்னிவிடுவது இப்போது என் வேலை. கோணல்மாணலாகத்தான் வருகிறது. நான் முடியோடு மல்லுக்கட்டும்போது, அவள் மடியில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருப்பாள். பிறகு கண்ணாடி பார்க்காமலே வேன் ஏறிவிடுவாள்.