நாற்பது நாளும் ஆறு ஞாயிறும்

என் குறிப்பேட்டில் 2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே இப்படி இருக்கிறது: "உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 20. பின்னோக்கி நாற்பது நாள் எண்ணினால் மார்ச் 11. செவ்வாய்! சரி."

அந்த ஆச்சரியக்குறிக்குக் காரணம் உண்டு. அன்று காலை, நாங்கள் குடியேறிய இந்தத் தென்கோளத்து நகரின் இன்னொரு பகுதியான மனுரேவாவிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கதைத்தார். எங்கள் மகள் கலியாணம் செய்ய விரும்பும் பையனின் தாய். தூத்துக்குடிக் கத்தோலிக்கர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். சம்மதமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

"விபூதிப் புதனுக்கு முந்தி ஒரு நாள் வரோம், அண்ணாச்சி. அதுக்கப்புறம் நாப்பது நாளைக்கு எங்க வீட்டுல கறி கிடையாது. உங்க வீட்டுல உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டாத்தான் எனக்கு மனசு தெளியும்."

அவர்கள் ஊரில் கறி என்றால் இறைச்சி என்பது எனக்குத் தெரியும். விபூதிப் புதன் எது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தவக்காலத்துக்கு முந்திய கார்னிவலைப் பற்றி நான் நிறைய வாசித்தவன். இறைச்சியை விலக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். வீட்டிலுள்ள முட்டையையும் வெண்ணெயையும் நோன்புக்கு முன் தீர்க்கத்தான் ஆங்கிலேயர் அதன் கடைசி நாளில் பான்கேக் சுட்டார்கள். வெனிஸில் முகமூடி போட்டதும் எசமானும் வேலைக்காரனும் ஒன்றானார்கள். எல்லாப் புத்தகமும் கடைசி நாள் செவ்வாய் என்றே சொன்னது. என் கணக்கும் செவ்வாயில் வந்து நின்றது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மனைவிக்குத்தான் ஒப்பவில்லை. "இஞ்சேருங்கோ, செவ்வாய்க்கிழமை இந்த வீட்டில எப்பவாவது இறைச்சி காய்ச்சியிருக்கிறமோ?"

"இது கொழுத்த செவ்வாய். உலகம் முழுக்க அப்பிடித்தான்."

"உலகம் கிடக்கட்டும். எங்கட லின்ஃபீல்டில என்ன செய்யிறது?"

லின்ஃபீல்டிலும் அப்படியே என்று தீர்ப்புச் சொன்னேன். அவர்களைச் சாப்பாட்டுக்கு மட்டும் அழைத்தேன். கார்னிவல் என்பது நான் வைத்திருந்த ஆச்சரியம். மார்ச் 11 என்றதும் அந்த அம்மா நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அண்ணாச்சி. செவ்வாயா? ரொம்ப நல்லது" என்றார்.

மார்ச் 4 அன்று அலுவலகச் சிற்றுண்டிச்சாலையில் எல்லாருக்கும் பான்கேக் கொடுத்தார்கள். இந்த நாட்டுக்காரர் ஒரு வாரம் முந்திவிட்டார்கள் என்று எண்ணியபடி இரண்டு சாப்பிட்டேன்.

பதினோராம் திகதி மாலை ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். கோடை முடியாத வெளிச்சம். மலிவுக் கடையில் வாங்கிய அட்டை முகமூடிகளை ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பைக்கும் பக்கத்தில் வைத்திருந்தேன். நடுவில் ஆட்டிறைச்சிக் கறி, மட்டன் ரோல்ஸ், பொரித்த கோழி. பையனின் தகப்பன் பாத்திரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பொருட்படுத்தாமல் எழுந்து, எழுதி வைத்த ஒன்றரைப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

"இன்றைக்கு, நோன்பு தொடங்குவதற்கு முந்திய கடைசி நாளில்..."

"அண்ணாச்சி, அது போன செவ்வாய்."

"இல்லை. ஏப்ரல் இருபதிலிருந்து நாற்பது நாள்..."

"ஞாயித்துக்கிழமையை நோன்புல சேக்கமாட்டோம். ஆறு ஞாயிறு இருக்குல்ல?"

நாற்பதும் ஆறும் நாற்பத்தாறு. மார்ச் 5. அது விபூதிப் புதன். அதற்கு முந்திய நாள் மார்ச் 4; எண்ணி வந்து நின்ற நாளையே நோன்புக்கு முந்திய நாளாக எடுத்ததில் இன்னொரு நாளும் பிழை. மனக்கணக்கு முடிந்தபோதும் தாள் என் கையில் இருந்தது. ஒரு வாரம் பிந்தியும் செவ்வாயிலேயே விழுந்த என் பிழை, என்னைத் தவிர வேறு யாரிடமிருந்தும் ஒளிந்திருக்காது.

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். "அப்பா, சீரியஸ்லி?"

மகளின் கலியாணம் ஆறு ஞாயிறுகளில் போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த அம்மா சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு கண்ணீர் வர.

"நான் என்ன நினைச்சேன்னா, சைவக்காரங்க, செவ்வாய்க்கிழமை கறி தொடமாட்டாங்க. எங்க நோன்புக்காகவே இந்த நாளைப் பாத்து வச்சிருக்காங்க, எவ்வளவு மரியாதைன்னு! இவர்கிட்டயும் சொல்லிட்டே வந்தேன்."

"நான் சொன்னனான் அக்கா," என்றாள் என் மனைவி, "இந்த மனிசன் கேட்டால்தானே."

இறைச்சி குளிர்பெட்டிக்குள் போனது. இரண்டு தாய்மாரும் அரை மணிநேரத்தில் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார்கள். சமையலறையிலிருந்து கேட்ட சிரிப்பில் பாதி என்னைப் பற்றியது. பையனின் தகப்பன் முகமூடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா மகளின் கன்னத்தைத் தொட்டார். "ஈஸ்டர் கழிஞ்சதும் கல்யாணத்தை வச்சிரலாம். ஆனா நாள் நான்தான் பாப்பேன், அண்ணாச்சி."

அன்றைய குறிப்பில் எல்லாம் நேரத்தோடு உள்ளது. ஒன்று மட்டும் தெளிவில்லை. என் அழைப்பில் இருந்த பிழை அவருக்கு ஜனவரியிலேயே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் வந்தார், செவ்வாய்க் கதையை என்னைக் காப்பாற்ற மேசையில் வைத்துத்தான் கட்டினார் என்கிறாள் மனைவி. ஒருமுறை கேட்டேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார். இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.