மடித்துக் கொடுக்க ஓர் ஆள்

கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிய குடியிருப்பில் ஜெகதீசனைத் தெரியாதவர்கள் குறைவு. ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். மூன்றாவது மாடியிலிருந்து யாராவது தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று கேட்டால், கீழே நிற்கும் அவன் சொல்கிற பதில் பக்கத்து பிளாக்குக்கும் சேர்த்துக் கேட்கும். மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. பெட்டிக்குள் சரக்கு ஏற்றியதும் இரும்புக் கதவை இழுத்து மூடி, பூட்டுக் கம்பியைப் போட்டு, சீல் வைத்து அனுப்ப வேண்டும். அதே யார்டில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவன் பாரி. இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். வேலையிலும் சேர்ந்தே இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் கேரம் போர்டுக்கு முன்னாலும் சேர்ந்தே இருப்பார்கள்.

ஐப்பசி பிறந்த புதிதில், மழை விட்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. ஒரு பெட்டியின் கதவு வளைந்துபோய் மூட மாட்டேன் என்றது. பாரி வண்டியைக் கொண்டுவந்து மெதுவாக முட்டித் தள்ளினான். ஜெகதீசன் ஓரத்தில் நின்று "வா, வா" என்று கை காட்டினான். காட்டிக்கொண்டே இருந்தவனுக்குப் பூட்டுக் கம்பி கோணலாக நிற்பது கண்ணில் பட்டது. அதை நேராக்கக் கையை உள்ளே விட்டான். வண்டியிலிருந்த பாரிக்கு அது தெரியவில்லை. கதவு வந்துவிட்டது.

வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கின. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். பாரி ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருமுறை வந்தான். வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான், அப்படியே திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஆளையே காணோம்.

கட்டைப் பிரித்தபோது கார்த்திகை பாதி போயிருந்தது. விரல்கள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன, மடங்கத்தான் இல்லை. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லித்தரும் அம்மா ஒரு ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். பட்டாணி பொறுக்கலாம், கத்திரியால் காகிதம் வெட்டலாம், எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் கை திரும்பும் என்றார். ஜெகதீசன் பந்தை இரண்டு நாள் அமுக்கினான். மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அவன் மனைவி மலர் துணி தைக்கும் கம்பெனிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவாள். அவன் வீட்டில் தனியாக உட்கார்ந்து கூட்ஸ் வண்டி போவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. யாராவது நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டினான்.

எதிர்வீட்டு ஜானட் ராயபுரத்தில் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். கிறிஸ்துமஸ் வந்தால் குடியிருப்பின் மாடிப்படியை அவள்தான் அலங்கரிப்பாள். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும் அந்தப் படியில்தான் ஏறி இறங்க வேண்டும் என்பதால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு சாயங்காலம் அவள் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் கத்திரியுமாக வந்து நின்றாள்.

"அண்ணே, ஸ்னோ வெட்டணும். எனக்கு ஸ்கூல்ல ஆண்டுவிழா வேலை தலைக்கு மேல கீது. நீங்க வூட்ல சும்மாதான கீறீங்க."

"நானா?" என்றான் ஜெகதீசன். "ஸ்னோவ நான் எங்கமா பாத்தேன்? நம்ம ஊர்ல பனின்னா, மார்கழில வண்டி சீட்டு நனஞ்சிகீறதுதான்."

"நான் மட்டும் பாத்துகீறனா? காயிதத்துல வெட்டறதுக்கு இன்னா, பாக்கணும்னு கீதா?"

அவளே ஒன்று செய்து காட்டினாள். தாளைச் சதுரமாக்கி, மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கினாள். அதைப் பாதியாக மடித்தாள். பிறகு கூம்பு மாதிரி மூன்றாக மடித்து, மேலே துருத்தியதை நறுக்கினாள். "சில பேரு நாலா மடிப்பாங்க. அப்டி மடிச்சா எட்டு மூல வந்துரும். நெசமான ஸ்னோவுக்கு ஆறு மூலதானாம்" என்றாள். ஓரங்களில் அங்கங்கே கத்திரியை விட்டுச் சின்னச் சின்னத் துண்டுகளை எடுத்தாள். பிரித்தபோது அவள் உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பூ மாதிரி விரிந்தது.

ஜெகதீசன் அன்றே ஒன்று வெட்டிப் பார்த்தான். கத்திரியின் வளையத்துக்குள் விரல் நுழையவே நெற்றி வியர்த்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டுவரை வலி ஓடியது. ஒருவழியாக முடித்துப் பிரித்தால், மடிப்புப் பக்கத்தையே முழுசாக வெட்டியிருந்தான். தாள் துண்டு துண்டாக மடியில் உதிர்ந்தது. வேலை முடிந்து வந்த மலர் தரையைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். "பெருக்காத. இன்னும் விழும்" என்றான் அவன்.

விழத்தான் செய்தது. ஆனாலும் விடவில்லை. மடிப்புப் பக்கம் எது, திறந்த பக்கம் எது என்று விரலே தடவிக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்தான். ஒன்றைப் போல இன்னொன்று அமையவில்லை. பிரிக்கிற அந்த ஒரு நொடிதான் அவனுக்குப் பிடித்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெட்டியவனுக்கே தெரியாது.

சங்கடம் மடிப்பதில்தான் இருந்தது. கூம்பு கச்சிதமாக வர வேண்டுமென்றால் இரண்டு கையாலும் பிடித்து நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வலது கையில் அந்த அழுத்தம் இல்லை. மடிப்பு நழுவி, ஆறு மூலையும் ஆறு அளவில் வந்தது. மலர் வேலைக்குப் போகும் முன் சிலதை மடித்து வைத்துவிட்டுப் போவாள். அவை மத்தியானத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

சனிக்கிழமை மார்க்கெட்டில் மலர் பாரியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்ததும் கறிகாய்க் கடைக்குப் பின்னால் ஒதுங்கப் போனான். அவள் விடவில்லை.

"பாரிண்ணே, ஓடாத. உன்ன யாரும் ஒண்ணும் கேக்கல."

"எப்டிகீறான்?"

"நீயே வந்து பாரு. காயிதம் வெட்டிகினு குந்திகீறான். மடிச்சிக் குடுக்கத்தான் ஆளில்ல."

"காயிதமா?" என்றான் பாரி. மலர் வீட்டுக்கு வந்து இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பாரி வாசலில் நின்றான். இளைத்திருந்தான். ஜெகதீசன் ஒரு கணம் அவனையே பார்த்தான். இத்தனை நாளும் அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தான்.

"குந்து" என்றான்.

பாரி தரையில் உட்கார்ந்தான். ஜெகதீசன் தாள் கட்டை அவன் பக்கம் தள்ளினான். எப்படி மடிப்பது என்று ஒன்றைப் பிரித்துக் காட்டினான். பாரி மடித்தான், ஜெகதீசன் வெட்டினான். மலர் டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டி ஆறியது.

"ஏன்டா வர்ல?" என்று கடைசியில் ஜெகதீசன் கேட்டான், கத்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எந்த மூஞ்ச வெச்சிகினு வருவேன், மாமு? நான்தான தள்னேன்."

"நான்தான கை காட்னேன். காட்டிகினே கைய வுட்டது யாரு? உன் வண்டியா வுட்டுச்சி?"

பாரி மடித்துக்கொண்டிருந்த தாளை மறுபடி மறுபடி நகத்தால் தேய்த்தான்.

"கை போனதுக்கு எனக்கு கோவம் இல்லடா" என்றான் ஜெகதீசன். "வாசப்படி வரிக்கும் வந்துட்டு திரும்பிப் போன பாரு, அதான். அன்னிக்கி உள்ள வந்து குந்திகினு இருந்தீனா, இத்தினி நாளு நான் ஊமையாட்டம் கெடந்துருக்க மாட்டேன்."

பாரி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னான். விபத்துக்கு அப்புறம் அவன் ஃபோர்க்லிஃப்டில் ஏறவே இல்லை. வண்டிப் பக்கம் போனாலே திரும்பி வந்துவிடுகிறான். இப்போது மூட்டை அடுக்குகிறவர்களோடு நிற்கிறான்.

ஜெகதீசன் கத்திரியைக் கீழே வைத்தான். யார்டில் பாரியைப் போல வண்டியைத் திருப்பக் கூடியவன் யாரும் கிடையாது. அவன் மூட்டை தூக்குகிறான் என்பது தன் விரல் போனதைவிட அவனுக்கு உறைத்தது.

"தை மாசம் நான் வரேன்" என்றான். "பூட்டுப் போட கை ஆவாது. கீழ நின்னு சிக்னல் காட்டற வேலை குடுக்கறேன்னு சூப்பர்வைசர் சொல்லிகீறாரு. நான் வந்தா நீ ஏறணும்."

"ஏறுவேன். ஆனா ரெண்டு கையும் தூக்கிக் காட்டு. ரெண்டும் எனக்குத் தெரிஞ்சாத்தான் வண்டி நவுரும்."

"சரி, மடி" என்றான் ஜெகதீசன்.

அதன்பிறகு வேலை முடிந்த கையோடு பாரி நேராக அங்கே வந்துவிடுவான். வெள்ளைத் தாள் தீர்ந்து, ஜிகினாத் தாள் வந்தது. ஜானட் வந்து பார்த்தபோது கட்டில் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். "அண்ணே, படிக்குக் கேட்டேன். நீங்க ஊருக்கே வெட்டி வெச்சிகீறீங்க" என்றாள். எல்லாவற்றையும் நூலில் கோத்து மேல் மாடியிலிருந்து கீழ்ப்படிவரை தொங்கவிட்டார்கள். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் அத்தனையும் சேர்ந்து ஆடின. படியேறுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், யாரும் ஒன்றைக்கூடப் பிய்க்கவில்லை. கீழே நின்று, நூலை இன்னும் மேலே கட்டச் சொல்லி ஜெகதீசன் போட்ட சத்தம் பக்கத்து பிளாக்குக்குக் கேட்டதாக மலர் சொன்னாள்.

பொங்கல் முடிந்து அவன் யார்டுக்குப் போனான். வலது கையின் மூன்று விரல்களும் முழுசாக மடங்கவில்லை, அவை இனி மடங்கப் போவதுமில்லை. பாரி வண்டியில் ஏறினான். சாவியைத் திருகும் முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். ஜெகதீசன் அவசரப்படுத்தவில்லை. பத்தடி தள்ளி, வண்டியிலிருந்து நன்றாகத் தெரிகிற இடத்தில் போய் நின்றுகொண்டான். இன்ஜின் உறுமியது. அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். வண்டி மெல்ல நகர்ந்து வந்து பெட்டியின் கதவைத் தொட்டது.

அன்றைக்கு நிறையப் பெட்டிகள் இருந்தன. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது இரண்டு பேருக்கும் நல்ல பசி.